மாலை ஆறு மணிக்கு ஒரு தாளும் கலர் பென்சிலும்: குடியை விட்டவர்கள் வண்ணம் தீட்டத் தொடங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

குடியை விட்டவருக்குப் பகல் எப்படியோ ஓடிவிடும். மாலைதான் நகராது. கைக்கு வேலை இருக்காது, மனம் மட்டும் பழைய பாதையில் நடந்துகொண்டே இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தைக் கடப்பதற்கு வண்ணம் தீட்டுவதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் குடியை விட்டுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஆறு ஆண்டுகளாக ஒரு மறுவாழ்வு மையத்தில் சனிக்கிழமை மாலைகளில் இந்த வகுப்பை நடத்திவருகிறேன். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. படத்தில் அவர்கள் தடுக்குவதில்லை, அதற்கு முந்தைய ஏற்பாட்டில்தான் தடுக்குகிறார்கள். அதனால் பாதி வழிகாட்டி தாளைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடும். பொறுமையாகப் படியுங்கள்.

1. முதலில் மருத்துவர், பிறகுதான் பென்சில்

பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடல் சும்மா இருக்காது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் குழப்ப நிலை சிலருக்கு வரும். இவை உயிரைப் பறிக்கக்கூடியவை. அப்போது வேண்டியது மருத்துவமனை.

மருத்துவரின் மேற்பார்வையில் நடுக்கம் அடங்கி, இரவில் நான்கைந்து மணி நேரமாவது தூக்கம் வந்த பிறகு தொடங்குங்கள். எங்கள் வகுப்பில் பலருக்கு இரண்டாவது வாரம் சரியாக இருந்திருக்கிறது.

இந்த வரிசையை நான் வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. மூன்றாம் நாளே குடும்பத்தார் ஆசையாகப் பென்சிலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கோடு கோணிக்கொண்டு போகிறது. ‘என் கை போய்விட்டது’ என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். நடுங்கியது உடலின் அன்றைய நிலையால்தான் என்று பிறகு எத்தனை முறை சொன்னாலும் அவர் பென்சில் பக்கம் வருவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை, ஆலோசனை, குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் எதையும் வண்ணம் தீட்டுவதற்காக விடக் கூடாது. கூட்டமும் பென்சிலும் ஒரே நேரத்தில் வந்தால் கூட்டத்துக்குப் போங்கள்.

2. உங்கள் நேரம் எது என்று கண்டுபிடியுங்கள்

ஒரு தாளில், குடித்த காலத்தில் வீட்டை விட்டோ வேலையை விட்டோ எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று எழுதுங்கள். டாஸ்மாக் கடைகள் நண்பகல் 12 மணி முதல் இரவு 10 மணிவரை திறந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொருவருக்கும் ‘தன் நேரம்’ என்று ஒன்று இருக்கும். கட்டட வேலை பார்ப்பவருக்குக் கூலி கைக்கு வரும் நேரம். அலுவலகம் போகிறவருக்கு இறங்கும் பஸ் நிறுத்தம். அந்த நேரத்துக்கு அரை மணி முன்னதாக உட்காருங்கள்.

ஏன் முன்னதாக? உந்துதல் முழு வேகத்தில் வந்த பிறகு பென்சில் பெட்டியைத் தேட யாருக்கும் மனம் வராது. கை ஏற்கெனவே வேலையில் இருந்தால், வருகிற உந்துதல் உங்களை ஒரு வேலையின் நடுவே சந்திக்கும்.

உட்காரும் முன் சாப்பிடுங்கள். சுண்டல், வாழைப்பழம், ஒரு தம்ளர் மோர், எதுவானாலும் சரி. பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் மறுபடி குடிக்க இழுப்பவை என்று மறுவாழ்வு மையங்களில் சொல்லித்தருவார்கள். பசியை மட்டுமாவது ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிட முடியும்.

தொடக்கத்தில் முப்பது நிமிடம் போதும். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

3. வாங்க வேண்டியவை, வீட்டுக்குள் விடக் கூடாதவை

புதியவர்கள் செய்யும் முதல் தவறு 48 நிறப் பெட்டி வாங்குவது. எந்த நிறத்தை எடுப்பது என்ற குழப்பத்திலேயே பத்து நிமிடம் போய்விடும். மனம் தெளியாத முதல் மாதங்களில் முடிவெடுப்பதே களைப்புத் தரும் வேலை. 12 நிறப் பெட்டி ஒன்று வாங்குங்கள். அதிலிருந்தும் முதல் வாரத்துக்கு நான்கை மட்டும் வெளியே வைத்துவிட்டு மற்றவற்றை மூடிவிடுங்கள்.

கலர் பென்சில்தான் சிறந்தது. முக்கோண வடிவில் தடிமனாக வரும் பென்சில் கிடைத்தால் அதையே எடுங்கள், லேசான நடுக்கம் மிச்சம் இருப்பவர்களுக்கும் பிடி நழுவாது. கிடைக்காவிட்டால் சாதாரணப் பென்சிலில் விரல் படும் இடத்தில் இரண்டு ரப்பர் பேண்டுகளைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம். மெல்லிய தாளில் மை மறுபக்கம் ஊறும், ஒரே அழுத்தம்தான் வரும். பென்சிலில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம், நமக்கு வேண்டிய அமைதி பெரும்பாலும் அந்தக் கூட்டலிலும் குறைத்தலிலும்தான் இருக்கிறது.

தாள், ஜெராக்ஸ் கடையில் போடும் 75 ஜிஎஸ்எம் தாளை விடச் சற்றுக் கனமாக இருக்கட்டும். 100 அல்லது 120 ஜிஎஸ்எம் ஏ4 தாள் என்று கேட்டால் கொடுப்பார்கள். மூன்று முறை தீட்டினாலும் கிழியாது. அதோடு ஒரு பரீட்சை அட்டையும் வேண்டும். தாள் நகர்ந்தால் கோடு தவறும், கோடு தவறினால் எரிச்சல் வரும்.

படிக்கும் கண்ணாடி. இதை ஏன் பட்டியலில் சேர்க்கிறேன் என்றால், நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் பலர் ‘எனக்கு இது வராது’ என்று சொன்னதற்கு உண்மையான காரணம் கோடு தெரியாததுதான். குடித்த ஆண்டுகளில் கண் பரிசோதனைக்கு யார் போனார்கள்? ஒருமுறை போய்வந்துவிடுங்கள்.

இனி வாங்கக் கூடாதவை. இதைக் கவனமாகப் படியுங்கள்.

ஸ்பிரிட் கலந்த மார்க்கர் பேனாக்கள் கூடாது. மூடியைத் திறந்ததும் வரும் வாடையே சிலருக்குப் பழைய நினைவைக் கிளப்பிவிடும். குடியை நிறுத்துவதற்காக டைசல்பிரம் மாத்திரை எடுப்பவர்கள் ஆல்கஹால் கலந்த பொருட்களைத் தோலில் படவிடுவதையும் முகர்வதையும் தவிர்க்க வேண்டும். வாசனைத் திரவியத்துக்குப் பொருந்தும் அந்த எச்சரிக்கை இந்தப் பேனாக்களுக்கும் பொருந்தும். ஒயிட்னர், தின்னர், டர்பன்டைன், பசைக் குழாய் ஆகியவையும் வேண்டாம். இவற்றில் பலவற்றை முகர்ந்து போதையேற்றிக்கொள்வோர் உண்டு. வகுப்பில் யாருக்கு என்ன பழக்கம் இருந்தது என்று நமக்குத் தெரியாது. தவறு திருத்த ரப்பர் போதும்.

ஷார்ப்னரில் பிளேடு இருக்கிறது. மையத்தில் நாங்களே எல்லாப் பென்சில்களையும் சீவிக் கொடுத்துவிட்டு ஷார்ப்னரைப் பூட்டி வைப்போம். வீட்டில் உள்ளவர் மனச்சோர்வில் இருந்தால், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு எப்போதாவது வந்திருந்தால், நீங்களும் அப்படியே செய்யுங்கள். மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

4. உட்காரும் இடம்

முன்பு குடித்த இடத்தில் உட்காராதீர்கள். மொட்டை மாடியா, பின்கட்டா, அந்தக் குறிப்பிட்ட பிளாஸ்டிக் நாற்காலியா, எதுவானாலும் மாற்றுங்கள். வெளிச்சம் எழுதாத கையின் பக்கத்திலிருந்து விழ வேண்டும், அப்போதுதான் கையின் நிழல் தாளில் விழாது. தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். கைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், ஏழாவது படியில் அது தேவைப்படலாம்.

5. எந்தப் படத்தை எடுப்பது

வெற்றுத் தாளில் தொடங்காதீர்கள். 2005ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் நான்சி கரி, டிம் காஸர் இருவரும் 84 கல்லூரி மாணவர்களிடம் பதற்றத்தைத் தூண்டிவிட்டு, 20 நிமிடம் வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வட்ட வடிவ மண்டலக் கோலம் தீட்டியவர்களுக்கும் கட்டம் போட்ட வடிவம் தீட்டியவர்களுக்கும் பதற்றம் குறைந்தது. வெற்றுத் தாளைப் பெற்றவர்களுக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை. அவர்கள் மாணவர்கள், குடிநோயாளிகள் அல்லர். ஆனாலும் எங்கள் வகுப்பில் நான் பார்ப்பதும் இதைத்தான். வெற்றுத் தாள் ‘என்ன வரையப் போகிறாய்?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. கோடு போட்ட தாள் எதையும் கேட்பதில்லை.

அதற்காக, கடையில் கிடைக்கும் பெரியவர்களுக்கான வண்ணப் புத்தகங்களை உடனே வாங்கிவிடாதீர்கள். எறும்பு நுழையும் அளவுக்குக் குறுகிய கட்டங்கள் அவற்றில் நிறைய இருக்கும். அவை மூன்றாவது மாதத்துக்கு.

நம் ஊரில் இதற்கென்றே செய்தது போன்ற வடிவங்கள் இருக்கின்றன. நான் பரிந்துரைக்கும் வரிசை இது:

முதல் வாரம் ஆத்தங்குடி டைல் வடிவங்கள். செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பார்த்திருப்பீர்கள். ஒரு பெரிய பூ, நான்கு மூலையில் கால் வட்டம், அவ்வளவுதான். கட்டங்கள் பெரியவை, மூன்று நான்கு நிறங்களிலேயே முடிந்துவிடும். ஒரு டைலை ஒரு தாளில் பெரிதாக வரைந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம் 7 புள்ளி, 4 வரை ஊடுபுள்ளி வைத்த நட்சத்திரக் கோலம். மார்கழியில் விற்கும் கோலப் புத்தகத்தில் நிச்சயம் இருக்கும். அது பழகிய பிறகு 5க்கு 5 நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலம். புள்ளியைச் சுற்றி வளையும் கோடு சின்னச் சின்ன அறைகளை உண்டாக்கும். அவற்றை ஒவ்வொன்றாக நிரப்புங்கள்.

ஆண்களில் சிலர் கோலத்தைப் பார்த்ததும் தாளைத் தள்ளிவைப்பார்கள். வற்புறுத்த வேண்டாம். அவர்களுக்குச் சேலை, வேட்டிக் கரை வடிவம் கொடுங்கள், அல்லது அவர்கள் தொழிலிலிருந்தே எடுங்கள். லாரி ஓட்டுநர் ஒருவர் தன் வண்டியின் பின்கதவில் இருந்த தாமரையை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார். இன்றும் அதை ஜெராக்ஸ் எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறோம்.

6. முதல் பக்கம்

ஐம்பதைத் தாண்டிய எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். பென்சிலை ஸ்குரூ டிரைவரைப் பிடிப்பது போல முஷ்டிக்குள் பிடித்தார். “இது சின்னப் பிள்ளைகள் செய்கிற வேலைதானே தம்பி?” என்றார். “ஆமாம் அண்ணே. ஒரே ஒரு இதழை மட்டும் நிரப்புங்கள், பிறகு போகலாம்” என்றேன். அழுத்திய வேகத்தில் முனை உடைந்து மேசையில் தெறித்தது. சீவிக் கொடுத்தேன். மறுபடி உடைந்தது. மூன்றாவது முறை, மணிக்கட்டைத் தாளின் மேல் படிய வைத்து, ஒயரின் தோலைச் சீவும்போது எவ்வளவு மெதுவாகச் செய்வீர்களோ அவ்வளவு மெதுவாக என்று சொன்னேன். தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டார். அரக்கு நிறம் இதழின் ஓரத்திலிருந்து உள்ளே நகரத் தொடங்கியது. நாக்கு நுனி உதட்டில் எட்டிப்பார்த்தது. அந்த இதழ் முடிந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை, அடுத்த இதழுக்குப் போய்விட்டார்.

அவருக்குச் சொன்னதையே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மணிக்கட்டைத் தாளில் வையுங்கள். அந்தரத்தில் நிற்கும் கை அதிகம் நடுங்கும். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் போட்டுக்கொண்டால் தீட்டிய இடம் கலையாது.

வலக்கைக்காரர்கள் மேல் இடது மூலையிலிருந்து தொடங்குங்கள், இடக்கைக்காரர்கள் மேல் வலது மூலையிலிருந்து. தீட்டிய இடத்தின் மேலேயே கை தேய்ந்து போகாமல் இருக்க இதுதான் வழி.

ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் ஓரத்தை மட்டும் உள்பக்கமாக மெல்லத் தீட்டுங்கள். அது வரப்பு. வரப்புக் கட்டிய பிறகு நடுவை நிரப்பினால் நிறம் வெளியே ஓடாது. ஓரத்தைக் கட்டாமல் நடுவிலிருந்து வேகமாக இழுப்பதுதான் புதியவர்களின் வழக்கமான தவறு.

முதல் பூச்சு மிக லேசாக, தாளின் வெண்மை தெரியும்படி. அதன் மேல் இரண்டாவது, தேவையானால் மூன்றாவது. அழுத்தி ஒரே முறையில் முடிக்க நினைத்தால் முனை உடையும், விரல் வலிக்கும், தாள் மெழுகு பூசியது போல வழுக்கி அதற்கு மேல் நிறம் ஏறாது. வெளிர் நிறத்தை முன்னும் அடர் நிறத்தைப் பின்னும் போடுங்கள். மஞ்சளின் மேல் அரக்கு ஏறும், அரக்கின் மேல் மஞ்சள் தெரியாது.

மூச்சைக் கட்டுப்படுத்த முயல வேண்டாம். கவனித்தால் போதும். ஓரத்தைத் தீட்டும்போது நம்மையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். ஒரு கட்டம் முடிந்ததும் பென்சிலைத் தூக்கி, நீளமாக மூச்சை விட்டு, தோளைத் தளர்த்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கோட்டைத் தாண்டி நிறம் போனால் விட்டுவிடுங்கள். அழித்து அழித்துத் திருத்தத் தொடங்கினால், குடியால் நேர்ந்த தவறுகளையெல்லாம் மனம் கூடவே எண்ணத் தொடங்கும். இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன், என்னிடமும் பார்த்திருக்கிறேன்.

7. உந்துதல் வரும் மாலைக்கு ஒரு தனித் தாள்

சாதாரண நாளில் தீட்டும் படம் இதற்கு உதவாது. உந்துதல் வரும்போது நிறம் தேர்ந்தெடுக்கவும் முடியாது, அழகு பார்க்கவும் முடியாது. அதனால் முன்கூட்டியே பத்துத் தாள்களில் ஒன்றரை சென்டிமீட்டர் சதுரங்களை 8க்கு 8 என்று வரைந்து வையுங்கள். மொத்தம் 64 கட்டங்கள். சதுரங்கப் பலகை போல இரண்டே நிறங்கள், மாற்றி மாற்றி.

ஒரு கட்டத்துக்கு ஏறக்குறைய இருபது நொடி. எல்லாம் முடிய இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். குடிக்கத் தூண்டும் உந்துதல் அலை போல ஏறி, உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும். அது தணியும்வரை கையைப் பிடித்து வைப்பதற்குத்தான் 64 கட்டங்கள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஓரத்தில், உந்துதல் பத்துக்கு எவ்வளவு என்று எண் போடுங்கள். 9, 9, 8, 8, 6 என்று உங்கள் கையெழுத்திலேயே அது இறங்குவதைப் பார்ப்பீர்கள். அடுத்த முறை அந்தத் தாளை எடுத்துப் பார்க்கலாம்.

தாள் முடிந்தும் எண் இறங்கவில்லையா? இன்னொரு தாளை எடுக்காதீர்கள். பென்சிலை வைத்துவிட்டுக் கைபேசியை எடுங்கள். உங்கள் ஸ்பான்சர் (கூட்டத்தில் உங்களுக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர்), நண்பர், மருத்துவர், யாராவது ஒருவர். யாரும் கிடைக்காவிட்டால் 14446, போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 14416, டெலி மானஸ் மனநல உதவி எண், இதுவும் இலவசம். இரண்டு எண்களையும் பென்சில் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

8. முடிக்காமல் எழுந்திருங்கள்

அலாரம் அடித்ததும் பாதியில் நிறுத்துங்கள். ஒரு இதழ் மிச்சம் இருக்கும்போதே எழுந்திருப்பது கடினம். ஆனால் முடிந்த படத்துக்கு மறுநாள் யாரும் திரும்பி வருவதில்லை, முடியாத படம் கூப்பிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இது நம்மைப் போன்றவர்களுக்கே உரியது. எதையும் அளவோடு நிறுத்தத் தெரியாமல் இருந்தவர்கள் நாம். இரவு இரண்டு மணிவரை வண்ணம் தீட்டுகிறேன் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னபோது எனக்குப் பயமாக இருந்தது. தூக்கம் கெட்டால் களைப்பு வரும், களைப்பு எங்கே இழுக்கும் என்று அவருக்கும் தெரியும். முப்பது நிமிடம், மிஞ்சினால் நாற்பத்தைந்து. எழும்போது தாளின் பின்புறம் தேதியை எழுதுங்கள்.

9. வீட்டில் இருப்பவர்களுக்கு

உங்கள் கணவரோ மகளோ அண்ணனோ தாளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள். மயிலுக்கு ஏன் காவி நிறம் என்று கேட்காதீர்கள். படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். பாராட்டு என்று நினைத்துச் செய்வது, அவர் குடியை விட்ட கதையை உறவினர் கூட்டத்தின் முன் வைப்பதாகிவிடும். அந்தத் தாள் அவருடையது, அவராகக் காட்டினால் பாருங்கள்.

செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. காலையில் பென்சில்களைச் சீவி, மேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வையுங்கள். பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குத் தனிப் பெட்டி வாங்கிக் கொடுங்கள். அப்பாவின் பென்சிலை எடுத்து ஒளித்துவைத்த மாலை ஒன்று எங்கள் வகுப்பில் ஒரு குடும்பத்துக்குப் பெரிய சண்டையில் முடிந்தது.

10. இடையில் சறுக்கிவிட்டால்

பலருக்கு நேர்கிறது. எனக்கும் இரண்டு முறை நேர்ந்தது. அப்போது படங்களையெல்லாம் கிழித்துப் போடத் தோன்றும். கிழிப்பதற்கு முன்பே அவற்றை ஒரு கோப்பில் போட்டு, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். இதைச் சறுக்குவதற்கு முன்பே, இன்றே செய்துவிட வேண்டும்.

மறுநாள் முதல் வேலை மருத்துவரிடம் போவது. சில நாட்கள் தொடர்ந்து குடித்திருந்தால், தானாக நிறுத்தும் முயற்சி முதல் படியில் சொன்ன அதே ஆபத்தைக் கொண்டுவரும். டைசல்பிரம் எடுத்துக்கொண்டிருந்தவர் குடித்துவிட்டால் காத்திருக்கவே கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உடல் தேறி, கை நடுக்கம் நின்ற பிறகு புதிய தாளை எடுக்காதீர்கள். கோப்பில் பாதியில் நிற்கும் படத்தைக் கேட்டு வாங்குங்கள். பின்புறம் கடைசியாக எழுதிய தேதிக்குக் கீழே இன்றைய தேதியை எழுதுங்கள். தாளைத் திருப்பி, விட்ட இதழின் ஓரத்திலிருந்து, லேசான முதல் பூச்சு.